யானையைத் தின்ற இரண்டு ஊர்கள்

மனிதன் தின்ற விசித்திரமான உணவுகள் என்று யாராவது பட்டியல் போட்டால், பழைய ரோமாபுரிக்காரர்கள் பானைக்குள் அடைத்துக் கொழுக்க வைத்துச் சாப்பிட்ட காட்டு எலி அதில் கட்டாயம் வரும். பிரெஞ்சுக்காரர்களின் நத்தை வரும். நம் பக்கத்து ஈசலும் வரும். என்னைக் கேட்டால் இவை எதுவும் விசித்திரமே இல்லை, வெறும் பழக்கம். மழை பெய்த மறுநாள் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்று வளர்ந்தவனுக்கு அது பொரிகடலை மாதிரி. நத்தைக்கு வெண்ணெயும் பூண்டும் போட்டு வெள்ளைத் தட்டில் வைத்தால் பாரீஸ், வயல் நத்தையை மிளகு போட்டு மண்சட்டியில் வைத்தால் நம் ஊர். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு ஊர், தான் தலைமுறை தலைமுறையாகத் தொடாததை, தொடவே கூடாது என்று நினைத்ததை, ஒரு நாள் காசு கொடுத்து வாங்கித் தின்றால் அதுதான் எனக்கு விசித்திரம். அப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்த என் வயதுக்காரர்களுக்கு வகுப்பில் கேட்ட ஞாபகம் வரலாம். 1870-71 பாரீஸ் முற்றுகை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1870 ஜூலையில் மூன்றாம் நெப்போலியன் பிரஷ்யா மீது போர் தொடுத்தார். செப்டம்பர் 2-ஆம் தேதி செதான் என்ற இடத்தில் படையோடு சேர்த்து அவரே சிறைப்பட்டார். 4-ஆம் தேதி பாரீஸில் குடியரசு அறிவித்தார்கள். இரண்டு வாரம் போவதற்குள் ஜெர்மானியப் படை நகரத்தைச் சுற்றி வளைத்துவிட்டது. சுமார் 20 லட்சம் பேர் உள்ளே. வெளியே போக ஒரே வழி பலூன். உள்துறை மந்திரி கம்பெத்தாவே அக்டோபர் 7-ஆம் தேதி பலூனில் ஏறித்தான் தப்பினார். கடிதத்தைப் பலூனில் வெளியே அனுப்பலாம். ஆனால் பலூனில் கோதுமை உள்ளே வராது.

சர்க்கார் முன்னேற்பாடு செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நகரத்தின் மேற்குப் பக்கம் உள்ள புவா த புலோஞ் என்ற பெரிய பூங்காவில் சுமார் 2,50,000 ஆடுகளையும் 40,000 மாடுகளையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சீமாட்டிகள் குதிரை வண்டியில் உலாவுகிற இடத்தில் ஆட்டு மந்தை! பார்த்தவர்களுக்குக் கவலையே போயிருக்கும். ஆனால் ஒன்றை மறந்தார்கள். இறைச்சிக்கு மாடு சேர்த்தவர்கள் பாலுக்குப் போதுமான மாடு சேர்க்கவில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. உத்தியோக காலத்தில் சில வருஷம் ரேஷன் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு அது உடனே கண்ணில் படுகிறது. முற்றுகை தொடங்கியவுடனே எல்லாப் பொருளுக்கும் அட்டை போட்டு, தலைக்கு இவ்வளவு என்று அளந்திருக்க வேண்டும். ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் அளவு வைத்தார்கள். ரொட்டிக்கு ஜனவரி பாதி தாண்டும்வரை வைக்கவில்லை. மற்ற பல சாமான்களைக் கடைக்காரர் வைத்த விலைக்கே விட்டுவிட்டார்கள். அதாவது அட்டைக்குப் பதில் பணப்பைதான் ரேஷன். பை கனத்தவன் சாப்பிடலாம்.

அக்டோபர், நவம்பரில் ஆடும் மாடும் தீர்ந்தன. அடுத்தது குதிரை.

குதிரைக் கறி என்றால் பிரெஞ்சுக்காரனுக்கு இன்று ஆச்சரியம் இல்லை. ஆனால் அப்போது அது புதிது. பாரீஸில் குதிரைக் கறிக்கடை வைக்க அனுமதி கிடைத்ததே 1866-இல்தான். தெக்ருவா என்று ஒரு ராணுவ மிருக வைத்தியர், ஏழைகளுக்கு மலிவாக இறைச்சி கிடைக்கட்டும் என்று வருஷக்கணக்கில் வாதாடி அந்த அனுமதிக்கு வழி செய்தார். 1865-இல் கிராந்த் ஓத்தேலில் பிரமுகர்களைக் கூட்டி, சூப்பிலிருந்து எல்லாமே குதிரையில் செய்த விருந்து ஒன்று நடந்தது. அப்போதும் ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். விருந்தும் பிரசங்கமும் சாதிக்க முடியாததை முற்றுகை நாலு மாதத்தில் சாதித்துவிட்டது. வண்டிக் குதிரை, பஸ் இழுத்த குதிரை, பந்தயக் குதிரை எல்லாம் போயின. ரஷ்யச் சக்கரவர்த்தி நெப்போலியனுக்குப் பரிசாகக் கொடுத்த இரண்டு குதிரைகளும் போயின. அவற்றின் மதிப்பு ஒரு காலத்தில் 56,000 பிராங்க். கசாப்புக் கடைக்காரர் கொடுத்தது 800 பிராங்க்.

குதிரைக்குப் பிறகு பூனை, நாய், எலி. அக்காலத்து அமெரிக்கர் ஒருவர் போட்ட கணக்கு ஒன்று உண்டு: குதிரை 65,000, பூனை 5,000, நாய் 1,200, எலி 300. கடைசி எண்ணைப் பார்த்தீர்களா? பாரீஸ் முற்றுகை என்றதும் எல்லோருக்கும் எலிதான் ஞாபகம் வரும். படம் போட்ட புத்தகங்களில், நகரசபை முன்னால் எலிக்கூண்டு வைத்து விற்கிறவன் கட்டாயம் இருப்பான். உண்மையில் எலி தின்றவர்கள் குறைவு. காரணம் அருவருப்பு மட்டுமில்லை. எலிக் கறியை வாயில் வைக்கும்படி சமைக்க வெண்ணெயும் மதுவும் மசாலாவும் வேண்டும். வெண்ணெய் விற்ற விலையில் அது ஏழைக்குக் கட்டுப்படியாகாது. எலி பணக்காரர் வீட்டு வேடிக்கைப் பலகாரம்!

லண்டன் பத்திரிகை ஒன்றுக்குப் பலூன் வழியாகக் கடிதம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்த லபுஷேர் என்ற ஆங்கிலேயர் இதையெல்லாம் ருசி பார்த்து எழுதியிருக்கிறார். எலி நன்றாக இருக்கிறதாம், தவளைக்கும் முயலுக்கும் நடுவில் ஒரு ருசி. கழுதை ஆட்டிறைச்சி மாதிரி. ஸ்பேனியல் நாய் இளம் ஆட்டுக்குட்டி மாதிரி. மனிதர் நகைச்சுவைக்காரர். பசியில்லாதவருக்குத்தான் இப்படி ருசி பிரித்துச் சொல்ல வரும் என்று எனக்குப் படித்தபோது தோன்றியது.

இப்போது யானைக்கு வருகிறேன்.

புவா த புலோஞ் பூங்காவுக்குள் 1860-இல் திறந்த அக்லிமத்தாசியோன் தோட்டம் என்ற மிருகக்காட்சி சாலை இருந்தது. முற்றுகை வந்ததும் அந்த இடம் ராணுவத்துக்குப் போனதால், அங்கிருந்த மிருகங்களை நகரத்துக்குள் இருக்கும் ழார்தேன் தெ பிளாந்த் என்ற பழைய தாவரத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். மனிதனுக்கே ரொட்டி இல்லாதபோது ஒட்டகத்துக்குத் தீவனம் எங்கிருந்து வரும்? ஒவ்வொன்றாகக் கசாப்புக் கடைக்கு விற்றார்கள். மான், ஒட்டகம், கங்காரு என்று வரிசையாகப் போயின.

வாங்க ஆள் இல்லாமல் பிழைத்தவையும் உண்டு. நீர்யானைக்கு 80,000 பிராங்க் விலை வைத்தார்கள். அவ்வளவு கொடுத்து வாங்க எந்தக் கடைக்காரரும் முன்வரவில்லை. சிங்கத்தையும் புலியையும் கிட்டே போய் யார் கொல்வது? குரங்குகளைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. டார்வினின் புத்தகம் வெளிவந்து அப்போது 11 வருஷம் ஆகியிருந்தது. உறவினரைத் தின்பதாக நினைத்தார்களோ என்னவோ!

அந்தத் தோட்டத்தில் காஸ்தோர், பொலூக்ஸ் என்று இரண்டு யானைகள். கிரேக்கப் புராணத்து இரட்டையர்களின் பெயர். வானத்தில் மிதுன ராசியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு நட்சத்திரங்களுக்கும் அதே பெயர்தான். நம் பஞ்சாங்கத்தில் புனர்பூசம். பாரீஸ் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த யானைகளின் முதுகில் ஏறிச் சவாரி போயிருக்கிறார்கள். நம் மணக்குள விநாயகர் கோயில் லட்சுமியின் முன்னால் தலையைக் குனிந்து நின்ற குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 29-ஆம் தேதி காஸ்தோரைச் சுட்டார்கள். மறுநாள் பொலூக்ஸை. சாதாரணத் தோட்டா போதாது என்று உள்ளே போய் வெடிக்கும் தோட்டா. விக்தர் யூகோ, 19 வருஷம் நாடுகடந்து வாழ்ந்துவிட்டு அந்தச் செப்டம்பரில்தான் பாரீஸுக்குத் திரும்பியிருந்தார். யானை கண்ணீர் விட்டது என்று தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். தோட்டத்தார் அவருக்கு மரியாதையாகக் கரடிக் கறியும் மான் கறியும் அனுப்பிவைத்தார்கள் என்பதையும் அதே குறிப்பேடு சொல்கிறது. தான் தின்பது குதிரையா, நாயா, எலியா என்றே தெரியவில்லை, வயிறு வலிக்கிறது என்றும் ஓரிடத்தில் புலம்புகிறார்.

இரண்டு யானைகளையும் 27,000 பிராங்குக்கு வாங்கியது புல்வார் ஓஸ்மானில் இருந்த ஓர் 'ஆங்கிலேயக் கசாப்புக் கடை'. கடைப் பெயர்தான் ஆங்கிலம். டிசம்பர் 31 அன்று எழுத்தாளர் எத்மோன் த கொன்கூர் அந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் பொலூக்ஸின் தும்பிக்கை தொங்குகிறது; ஒரு பவுண்டு 40 பிராங்க் என்று கடைக்காரர் விலை சொல்கிறார்; சுற்றி நிற்கும் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்று இரவே கொன்கூர் வுவாசேன் என்ற ரெஸ்தொரானுக்குப் போய், யானை இரத்தத்தில் செய்த பூதேன் சாப்பிட்டதாக நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பூதேன் என்பது குடலுக்குள் இரத்தத்தை அடைத்து வேகவைப்பது.

தும்பிக்கைக்கு 40 பிராங்க் என்றால் எவ்வளவு பணம் என்று பார்க்க வேண்டாமா? பழைய குமாஸ்தா, கணக்குப் போடாமல் விடமாட்டேன். முற்றுகையின்போது பாரீஸ் தொழிலாளிகள் பாதிப்பேருக்கு வேலை இல்லை. தேசியக் காவல்படையில் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை பிராங்க். அதுதான் குடும்பத்துக்கே வருமானம். அந்தக் காவலன் ஒரு பவுண்டு தும்பிக்கை வாங்க வேண்டுமானால் 27 நாள் சம்பளத்தை, ஒரு காசு வேறெதற்கும் எடுக்காமல், அப்படியே கொடுக்க வேண்டும்.

வுவாசேன் ரெஸ்தொரானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வுவாசேன் என்றால் அண்டைவீட்டுக்காரர் என்று பொருள். பக்கத்து வீட்டில் சாப்பிடுகிற சாப்பாடு இல்லை அது. சேன்-ஒனோரே தெருவில் இருந்தது. சமையல் தலைவர் அலெக்சாந்த்ர் ஷொரோன். முட்டையும் வெண்ணெயும் தக்காளியும் சேர்த்து அவர் பெயரில் ஒரு சாஸ் இன்றும் பிரெஞ்சுச் சமையலில் இருக்கிறது. 1870 கிறிஸ்துமஸுக்கு இவர் போட்ட மெனுதான் உலகப் பிரசித்தம். அதில் உள்ளவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். உள்ளே மசாலா அடைத்த கழுதைத் தலை. யானை சூப். ஆங்கிலேய முறையில் வறுத்த ஒட்டகம். கங்காரு சிவே, அதாவது முயலுக்குச் செய்கிற மாதிரி மதுவில் வேகவைத்த குழம்பு. மிளகு சாஸோடு கரடி விலா. மான் தொடைக்கு ஊற்றும் சாஸ் ஊற்றிய ஓநாய்த் தொடை. சுற்றிலும் எலிகளைக் காவல் வைத்த பூனை. ட்ரஃபிள் காளான் போட்ட மான் கறி. குடிக்க 1846-ஆம் வருஷத்து மூத்தோன் ரோத்ஷில்ட், 1858-ஆம் வருஷத்து ரோமானே-கொந்தி. பாரீஸில் முற்றுகை முடியும்வரை தீராத சரக்கு ஒன்று உண்டென்றால் அது மதுதான்.

பூனைக்குப் பக்கத்தில் எலியை வைத்தார் பாருங்கள், அந்தக் குறும்பை ரசிக்காமல் இருக்க முடியாது. பட்டினியை விருந்தாக்கிக் காட்டுவது ஒரு துணிச்சல்தான். பிரெஞ்சுக்காரர்கள் இந்த மெனுவைப் பெருமையோடு திரும்பத் திரும்ப அச்சடிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் கோப்பு பார்த்த கண் சும்மா இருக்குமா? மெனுவின் தலைப்பில் தேதி 1870 டிசம்பர் 25, முற்றுகையின் 99-ஆம் நாள் என்று போட்டிருக்கிறது. யானைகளைச் சுட்டது 29-லும் 30-லும். நாலு நாள் கழித்துச் சாகப்போகிற யானையின் சூப் 25-ஆம் தேதி மேசைக்கு எப்படி வந்தது? ஒன்று, சூப் வேறெதிலாவது செய்ததாக இருக்க வேண்டும்; அல்லது அந்த அட்டை பிறகு சாவகாசமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். என் மேசைக்கு வந்திருந்தால் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். கொன்கூர் சாப்பிட்டது 31-ஆம் தேதி என்பதால் அவர் கணக்கு சரியாக இருக்கிறது.

ருசி எப்படி? பொலூக்ஸைத் தின்ற லபுஷேர், கடினம், முரடு, எண்ணெய்ப் பிசுக்கு என்று எழுதி, மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ கிடைக்கிறவரை இங்கிலாந்துக் குடும்பங்கள் யானைக்கு ஆசைப்பட வேண்டாம் என்கிறார். பௌல்ஸ் என்ற இன்னொரு ஆங்கிலப் பத்திரிகையாளர், தான் தின்றவற்றைப் பிடித்த வரிசையில் அடுக்குகிறார்: ஒட்டகம், மான், நாய், கழுதை, கோவேறு கழுதை, கடைசியாக யானை.

இவ்வளவும் எழுதினவர்கள் யார் என்று கவனியுங்கள். கவிஞர், நாவலாசிரியர், பத்திரிகைக்காரர்கள். 20 லட்சம் பேரில் எத்தனை பேர் யானை தின்றிருக்க முடியும்? மற்றவர்கள் தின்றது என்ன?

ரொட்டி. அதைத்தான் முற்றுகை ரொட்டி என்றார்கள். கோதுமை குறையக் குறைய அரிசி, ஓட்ஸ், ரை, பிறகு உமி, வைக்கோல் வரை கலந்தார்கள். கறுப்பாக, ஈரமாக, குத்துகிற மாதிரி இருக்கும். நகர நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ழூல் ஃபெரியின் பெயரை அந்த ரொட்டிக்கே வைத்துவிட்டார்கள். அவருக்கு 'பஞ்ச ஃபெரி' என்ற பட்டமும் கிடைத்தது. பிற்காலத்தில் பிரான்சில் இலவசக் கட்டாயக் கல்வி கொண்டுவந்த அதே ஃபெரி. ஜனவரியில் ஒருவழியாக ரொட்டிக்கு அளவு வந்தது: பெரியவருக்கு ஒரு நாளைக்கு 300 கிராம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 150 கிராம். குதிரைக் கறி தலைக்கு 30 கிராம். ஒரு எலுமிச்சம்பழ அளவுகூட வராது.

அதற்கும் வரிசை. க்யூ என்று நாம் சொல்கிறோமே, அது பிரெஞ்சுச் சொல். வால் என்று அர்த்தம். விடியுமுன் நாலு மணிக்கே பெண்கள் அந்த வாலில் போய் நின்றார்கள். அந்த வருஷம் குளிர் கடுமை; சேன் ஆற்றில் பனிக்கட்டி மிதந்தது. எரிக்க விறகில்லாமல் சாலையோர மரங்களை வெட்டினார்கள். கடைக்குள் நுழையும் முறை வரும்போது சரக்கு தீர்ந்துபோயிருக்கும். ரேஷன் கடை வாசலில் நின்றவர்களுக்கும், என்னைப் போல கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கும், அந்த முகம் தெரியும்.

பால் மாடு சேர்க்கவில்லை என்று முதலில் சொன்னேன் அல்லவா? நகரத்தில் பால் இல்லாமல் போயிற்று. அம்மை, டைபாய்டு, நிமோனியாவில் சாவு ஏறியது. முதியவர்களும் கைக்குழந்தைகளும்தான் அதிகம். ஜெர்மன் பீரங்கிக் குண்டு ஜனவரி 5 முதல் நகரத்துக்குள் விழ ஆரம்பித்தது. ஆனால் குண்டில் செத்தவர்களைவிட நோயிலும் குளிரிலும் செத்தவர்கள் பல மடங்கு. ஜனவரி 28-இல் பாரீஸ் பணிந்தது. லண்டனிலிருந்து உணவு அனுப்பினார்கள். நீர்யானை பிழைத்திருந்தது. குரங்குகளும் பிழைத்திருந்தன.

வகுப்பில் இதையெல்லாம் கேட்டபோது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் மூதாதையர் கோல்வாசிகள் என்று படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அல்லவா! ஆனால் உட்கார்ந்து அதைப் படித்த ஊரே 110 வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு முற்றுகையில் யானை தின்றது என்று அந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கவில்லை. லாலி தோற்றார், புதுச்சேரி விழுந்தது என்று இரண்டு வரி. மீதியை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலியின் படையை ஆங்கிலேயத் தளபதி கூட் முறியடித்தார். அதன் பிறகு காரைக்கால் உட்படச் சுற்றுவட்டாரம் கைவிட்டுப் போக, செப்டம்பரில் புதுச்சேரி முற்றுகைக்குள்ளானது. தரையில் கூட்டின் படை, கடலில் ஆங்கிலக் கப்பல்கள். ஊரைச் சுற்றி அப்போது அடர்ந்த முள்வேலி ஒன்று எல்லையாக இருந்தது; அதன் வாசல்களில் அரியாங்குப்பம், வில்லியனூர் என்று காவல் அரண்கள். அவையும் போயின. கோட்டைக்குள் நெல் குறைய ஆரம்பித்தது.

பிறகு நடந்தது பாரீஸில் நடந்ததே தான். யானை, ஒட்டகம், குதிரை, கடைசியில் நாய். படைக்குச் சாமான் சுமந்த யானைகள் அவை. அவற்றுக்குப் பெயர் வைத்து யாரும் எழுதிவைக்கவில்லை. ஷொரோனும் இல்லை, மெனுவும் இல்லை. நாள் தவறாமல் குறிப்பெழுதிய ஆனந்தரங்கப்பிள்ளையும் அப்போது நோயில் படுத்துவிட்டார். ஊர் விழுந்த அதே ஜனவரியில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் யானைக்கு முன்னால் வேறொன்று நடந்தது. நவம்பர் 27-ஆம் தேதி. உணவை மிச்சப்படுத்த லாலி ஓர் உத்தரவு போட்டார். வெள்ளைக்காரர் வீடுகளில் ஊழியம் செய்கிற சிலரைத் தவிர, ஊரில் மிச்சமிருந்த நம் ஜனங்கள் எல்லோரும் வெளியேற வேண்டும். ஆண், பெண், குழந்தை என்று 1,400 பேர். கோட்டை வாசலைத் திறந்து வெளியே விட்டு மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் ஆங்கிலேயரின் சிப்பாய்கள் அடித்துத் துரத்தினார்கள். ஜனங்கள் கோட்டைக்குத் திரும்பினால் நெல் செலவாகும், கோட்டை சீக்கிரம் விழும் என்பது கூட்டின் கணக்கு. திரும்பி வந்து வாசலில் கெஞ்சினால் கோட்டைச் சுவரிலிருந்து சுட்டார்கள். சிலர் செத்தார்கள்.

இரண்டு படைக்கும் நடுவில் இருந்த வெளியில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தார்கள். ஐப்பசி கழிந்து கார்த்திகை. நம் ஊரில் அடைமழைக் காலம். அங்கே அவர்களுக்குக் கிடைத்த ஆகாரம் வயலில் பிடுங்கிய புல்லின் வேர். இதை எழுதிவைத்தது ஆங்கிலேயர் தரப்பு வரலாற்று ஆசிரியர் ராபர்ட் ஓர்ம். ஒரே ஒரு பத்தி.

புல்லின் வேர் என்றால் என்னவென்று நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வயல் வரப்பில் கோரையைப் பிடுங்கினால் அடியில் கறுப்பாக, சுண்டைக்காய் அளவில் ஒரு கிழங்கு வரும். நல்ல வாசனை, நாட்டு மருந்துக்கடையில் விற்பார்கள். மண்ணை உதறி, தோலைக் கிள்ளி, வாயில் போட்டால் கசக்கும். ஒரு குழந்தையின் பசிக்கு எத்தனை பிடுங்க வேண்டும், மழையில் எத்தனை கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எட்டு நாள் போல ஆன பிறகு கூட் மனமிரங்கி வழிவிட்டார். அவர்கள் போனார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் இன்னும் ஆறு வாரம் தாக்குப்பிடித்தார்கள். 1761 புத்தாண்டு இரவில் பெரும் புயல் அடித்து ஆங்கிலக் கப்பல்கள் பல மூழ்கின, ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதையும் லாலியால் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை. ஜனவரி 15-ஆம் தேதி கோட்டையிலிருந்து தூது போயிற்று. 16-ஆம் தேதி காலையில் ஆங்கிலேயர் வில்லியனூர் வாசல் வழியாக நுழைந்தார்கள். பிறகு கோட்டையையும் ஊரையும் கல்லுக்குக் கல் இடித்துப்போட்டார்கள். லாலியைப் பாரீஸில் விசாரித்து 1766 மே மாதம் தலையை வெட்டினார்கள். துரோகக் குற்றச்சாட்டு. 1,400 பேரைப் புல் தின்ன விட்டதற்காக அல்ல. அவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று வொல்தேரே வாதாடினார். நம் கடற்கரைப் பக்கம் லாலி தொலாந்தால் வீதி இருக்கிறது.

1778-இல் ஊர் மறுபடியும் முற்றுகையில் மாட்டிக்கொண்டது. அந்தக் கதை வேறு மாதிரி. உடம்பு ஒத்துழைத்தால் அடுத்த மாதம் எழுதுகிறேன். பழைய பாடப் புத்தகம் யாரிடமாவது பத்திரமாக இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன்.